பூகோளப் படமும் பேசுகிறவர் வாயும்

டேனிஷ் கவிதை ஒன்று, மாஸிடோனியன் கவிதை ஒன்று. இரண்டையும் தமிழாக்கி ஒரு மொட்டைமாடிக் கூட்டத்தில் வாசித்தேன். ஆங்கிலம் வழியாக வந்தவைதான், ஒளிக்கவில்லை. பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். விமர்சனத்தில் பெயரெடுத்த நண்பர் ஒருவர், கவிதைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பாஷைகளைப் பற்றிப் பேசினார். டேனிஷ் சரியாம். அதற்கு ஒரு தேசம், ஒரு சரித்திரம், ஒரு ஆண்டர்சன், ஒரு கீர்க்கேகார்ட் எல்லாம் இருக்கிறதாம். மாஸிடோனியன் 1944-ல் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டு உண்டாக்கிய சரக்காம். பல்கேரியனுக்கு வைத்த மாற்றுப் பெயராம். "பூகோளப் படத்தைப் பாருங்கள், எந்தப் பாஷை எங்கே பேசப்படுகிறது என்று தெரிந்துவிடும்" என்று முடித்தார். கூட்டம் தலையாட்டியது. பூகோளப் படம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே நமக்கு ஒரு பயபக்தி வந்துவிடுகிறது.

பூகோளப் படத்தைப் பார்த்தேன். அதன் விளைவுதான் இது.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாதது என்று நண்பர் நினைக்கிற டேனிஷ். எங்கே பேசப்படுகிறது? டென்மார்க்கில். ஏறக்குறைய 60 லட்சம் ஜனங்கள். இதில் தகராறில்லை. அதற்கு அப்பால் வைக்கிற ஒவ்வொரு அடியும் தகராறுதான். ஃபாரோ தீவுகளில் 1948-ன் சுயாட்சிச் சட்டம் ஃபாரோயீஸைத் தலைமை பாஷை என்கிறது. டேனிஷையும் செவ்வையாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. கிரீன்லாந்தில் 2009-லிருந்து ஆட்சிமொழி கிரீன்லாந்து மொழி ஒன்றுதான். ஆனாலும் மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் டேனிஷ் இல்லாமல் அங்கே நகர முடியாது. இந்த இடங்களுக்கு எந்த வர்ணம் பூசுவது? ஐஸ்லாந்துப் பள்ளிகளில் இன்னும் டேனிஷ் கட்டாயப் பாடம். பரீட்சைக்குப் படித்து மறந்துவிடுகிற பையன் டேனிஷ் பேசுகிறவர் கணக்கில் சேர்த்தியா?

நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தரங்கம்பாடியில் 1620-லிருந்து 1845 வரை டேனிஷ் கொடி பறந்தது. 225 வருஷம். கோட்டை நிற்கிறது. 1706-ல் டேனிஷ் அரசன் அனுப்பி வந்த சீகன்பால்க் ஜெர்மானியர். வந்து இறங்கியதும் அவர் கற்கத் தொடங்கியது தமிழும், துறைமுகங்களில் செலாவணியாகிக்கொண்டிருந்த போர்த்துகீஸும். 1845-ல் ஆங்கிலேயனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். டேனிஷ் பேசும் ஒரு தெருகூட மிஞ்சவில்லை. 1917-ல் அமெரிக்காவுக்கு விற்ற மேற்கிந்தியத் தீவுகளிலும் இதே கதை: ஆட்சி டேனிஷ், ஜனங்களின் வாயில் ஆங்கிலமும் டச்சுக் கலப்பு மொழியும். கொடியின் வர்ணம் வேறு, வாயின் வர்ணம் வேறு.

இதற்கு நேர் எதிரான காட்சி ஸ்கோனே. இன்று ஸ்வீடனின் தென்கோடி. 1658 வரை டென்மார்க்கின் பகுதி. ரோஸ்கில்ட உடன்படிக்கையில் கை மாறியது. 1666-ல் லுண்ட் நகரில் ஒரு சர்வகலாசாலை வைத்தார்கள். அதன் வேலைகளில் ஒன்று அந்தப் பிரதேசத்தை ஸ்வீடிஷ்மயமாக்குவது. 1680-களிலிருந்து சர்ச்சிலும் பாடத்திலும் ஸ்வீடிஷ். அதே 1658-ல் பார்ன்ஹோம் தீவும் ஸ்வீடன் கைக்குப் போயிற்று; ஆனால் தீவுக்காரர்கள் கலகம் செய்து அந்த வருஷமே டேனிஷ் அரசனிடம் திரும்பிவிட்டார்கள். ஸ்கோனேவுக்கும் பார்ன்ஹோமுக்கும் நடுவில் ஒரு குறுகிய கடல். இரண்டு கரையிலும் பேசியது கிழக்கு டேனிஷ் வகைப் பேச்சு. இன்று பார்ன்ஹோம் பேச்சு டேனிஷின் கிளை, ஸ்கோனே பேச்சு ஸ்வீடிஷின் கிளை. நாக்கு பேரை மாற்றிக்கொள்ளவில்லை. உடன்படிக்கை மாற்றியது, பிறகு பள்ளிக்கூடம் நாக்கையும் மெல்ல மெல்ல மாற்றியது.

ஆக, நண்பர் இயற்கையானது என்று நம்புகிற டேனிஷ் எல்லையும் வாளும் காகிதமும் போட்ட எல்லைதான். வித்தியாசம், அந்தக் காயங்கள் ஆறி வெகுகாலமாகிவிட்டது. ஆறிய காயத்தை இயற்கை என்கிறோம். ஆறாததைச் செயற்கை என்கிறோம்.

இனி மாஸிடோனியன்.

1944 ஆகஸ்ட் 2-ம் தேதி, ப்ரோஹோர் ப்சின்ஸ்கி என்ற மடாலயத்தில், யுத்தத்தின் நடுவே கூடிய பார்ட்டிஸான் சபை மாஸிடோனியனை ஆட்சிமொழி என்று அறிவித்தது. 1945 மே மாதம் அரிச்சுவடி. ஜூனில் எழுத்துக்கூட்டு விதிகள். நண்பர் சொன்ன கமிட்டி இதுதான். கமிட்டி எழுத்துக்களைத் தீர்மானித்தது. பேச்சை அல்ல. அதற்கு 41 வருஷம் முன்னால், 1903-ல், கிர்ஸ்தெ மிஸிர்கோவ் இந்தப் பேச்சு ஒரு தனி இலக்கிய மொழியாக வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதி அச்சிட்டார். அச்சிட்ட இடம் சோஃபியா. பிரதிகளில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்பட்டன. 1939-ல் கோச்சோ ராத்ஸின் இந்த மொழியில் தம் கவிதைத் தொகுதியைக் கொண்டுவந்தார். அப்போது இந்த மொழிக்கு அங்கீகாரமுள்ள அரிச்சுவடி கிடையாது, இலக்கணம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. கவிதை முதலில் வந்தது, கமிட்டி பிறகு வந்தது. சிறுபத்திரிகைக்காரர்களான நமக்காவது இந்த வரிசை புரிய வேண்டாமா?

கமிட்டி என்றால் இளக்காரமா? டேனிஷில் பெயர்ச்சொற்களையெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். 1948-ல் அரசாங்க உத்தரவு வந்தது, சிறிய எழுத்தானது. இரட்டை ஆ போய், தலையில் வளையம் வைத்த ஒற்றை எழுத்து வந்தது. டேனிஷ் 1948-ல் பிறந்தது என்று யாராவது சொன்னதுண்டா? ஃபாரோயீஸின் இன்றைய எழுத்துமுறை 1846-ல் ஹாமர்ஸ்ஹைம்ப் என்ற ஒரு மனிதர் வகுத்தது. நார்வேயின் இரண்டு எழுத்து மொழிகளில் ஒன்று ஈவார் ஆஸன் ஊர் ஊராகச் சுற்றிச் சேர்த்த பேச்சிலிருந்து கட்டியது. இன்னொன்று, டேனிஷிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தித் திருத்தி வந்தது. எழுத்து மொழி எல்லாமே மேஜையில் செய்ததுதான். பழைய மேஜை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

எதிர்க்கட்சியின் பலமான வாதத்தை மழுப்பாமல் எடுத்துக்கொள்கிறேன். ஸ்த்ருகா ஊர்க்காரர்களான மிலாதினோவ் சகோதரர்கள் 1861-ல் ஸாக்ரெப் நகரில் நாட்டுப்பாடல் தொகுதி ஒன்றை அச்சிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பல்கேரிய நாட்டுப் பாடல்கள்'. ஆமாம், பல்கேரிய. இதை மறைக்கிற மாஸிடோனியப் பேராசிரியர்கள் உண்டு. அது அசட்டுத்தனம். யுகோஸ்லாவிய அதிகாரத்துக்கு பல்கேரியாவிடமிருந்து விலகிய ஒரு மொழி அரசியல்ரீதியாகத் தேவைப்பட்டது என்பதும் உண்மை. தங்களைப் பல்கேரியர் என்று சொல்லிக்கொண்டவர்களைத் தண்டிக்க 1945-ல் 'மாஸிடோனிய தேசிய கௌரவப் பாதுகாப்பு'ச் சட்டம் வந்தது என்பதும் உண்மை. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். இதிலிருந்து என்ன பெறப்படுகிறது? 1861-ல் தாத்தா சொன்ன பெயர் பேரனின் வாயைக் கட்டுமா?

கட்டும் என்றால் இப்ஸனை டென்மார்க்குக்குக் கொடுத்துவிடுங்கள். 1814 வரை நார்வேயின் எழுத்து மொழி டேனிஷ். அதற்குப் பிறகும் வெகுகாலம் எழுத்தில் டேனிஷ்தான் நடமாடியது. 1866-ல் வந்த 'பிராண்ட்' தொடங்கி இப்ஸனின் நாடகங்கள் கோபன்ஹேகனில்தான் அச்சாயின. பெர்கனில் பிறந்து கோபன்ஹேகனில் எழுதிய ஹோல்பெர்கை இரண்டு தேசமும் தங்களவர் என்கின்றன. அதற்காக எந்த டேனிஷ் மந்திரியாவது நார்வீஜியன் என்று ஒரு பாஷையே கிடையாது, ஒப்புக்கொண்டால்தான் கதவைத் திறப்போம் என்று சொன்னதுண்டா? பல்கேரியா சொன்னது. 1992 ஜனவரியில் மாஸிடோனியாவைத் தேசமாக அங்கீகரித்தது, பாஷையை அங்கீகரிக்க மறுத்தது. 1999-ல் இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தக் காகிதம் எழுத வேண்டியிருந்தபோது, பாஷையின் பெயரைச் சொல்லாமல் சொல்ல ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள்: 'மாஸிடோனியக் குடியரசின் அரசியல் சட்டப்படி மாஸிடோனியன்'. 2020 நவம்பரில் பாஷையையும் சரித்திரத்தையும் காரணம் காட்டி, வட மாஸிடோனியாவுடன் ஐரோப்பிய யூனியன் பேச்சுவார்த்தை தொடங்குவதையே தடுத்தது. 2022 ஜூலையில்தான் வழிவிட்டது. அப்போதும் பாஷை விஷயத்தில் தன் நிலையைத் தனியறிக்கையாகப் பதிவு செய்துவிட்டுத்தான்.

நண்பர் மொட்டைமாடியில் சொன்னது தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருப்பார். அது சோஃபியாவின் வெளிநாட்டு இலாகா குறிப்பு. தெரியாமல் ஒப்பித்தார்.

எங்கே பேசப்படுகிறது என்ற கேள்விக்கு ஜனத்தொகைக் கணக்கில் பதில் இருக்கும் என்பார்கள். இருக்கிறது, பாருங்கள். பல்கேரியாவின் 1956 கணக்கில் மாஸிடோனியர் ஏறக்குறைய 1,88,000 பேர். 1965 கணக்கில் 10,000-க்கும் கீழே. ஒன்பது வருஷத்தில் கொள்ளைநோய் வரவில்லை, யுத்தம் நடக்கவில்லை. கட்சியின் கொள்கை மாறியது. 1956-ன் எண்ணிக்கை நிர்ப்பந்தத்தால் வந்தது என்று இன்று சோஃபியாவில் சொல்கிறார்கள். இருக்கலாம். 1965-ன் எண்ணிக்கைக்கு நிர்ப்பந்தமில்லை என்று எப்படி நம்புவது? கிரீஸ் இன்னும் சுலபமான வழி கண்டது. 1951 கணக்கில் ஸ்லாவிய பாஷை பேசுகிறவர் 41,017 பேர் என்று எழுதியது. அதற்குப் பிறகு தாய்மொழி என்ன என்ற கேள்வியையே எடுத்துவிட்டது. கேட்காவிட்டால் இல்லை.

கிரீஸில் இது கணக்கோடு நிற்கவில்லை. 1920-களில் ஊர்ப்பெயர்களை மாற்றினார்கள். லெரின் என்று இந்தப் பேச்சில் சொல்லப்படும் ஊர் ஃப்ளோரினா. 1925-ல் ஏதென்ஸில் இந்தக் குழந்தைகளுக்கென்று 'அபெஸெதார்' என்ற ஆரம்பப் பாடப்புத்தகம் அச்சானது. அது பள்ளிக்கூட வாசலை மிதிக்கவேயில்லை. 1936-ல் வந்த மெதாக்ஸாஸ் சர்வாதிகாரத்தில் வீட்டிலும் தெருவிலும் இந்தப் பேச்சு பேசினால் தண்டனை. உள்நாட்டு யுத்தத்தின்போது, 1948-ல், ஏறக்குறைய 28,000 குழந்தைகளை எல்லைக்கு அப்பால் கொண்டுபோனார்கள். குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றினோம் என்றது ஒரு தரப்பு, குழந்தைகளைக் கடத்தினார்கள் என்றது இன்னொரு தரப்பு. கிரேக்கக் குழந்தைகளும் இருந்தார்கள், மாஸிடோனியக் குழந்தைகளும் இருந்தார்கள். யுகோஸ்லாவியா, ருமேனியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து என்று சிதறி, விடுதிகளில் வளர்ந்தார்கள். சொந்த ஊரில் தண்டனைக்குரியதாக இருந்த பாஷையை அவர்களில் பலர் முதல்முதலாக எழுத்தில் பார்த்தது அந்நிய தேசத்து விடுதியில்தான். 1950-ல் மாஸிடோனியன் எங்கே பேசப்பட்டது என்று கேட்டால், போலந்தின் ஸ்கோர்ஸெலெட்ஸ் என்ற ஊரையும் சேர்த்தாக வேண்டும். எந்தப் படத்தில் அந்த வர்ணம் இருக்கிறது? 1982-ல் அகதிகள் திரும்பி வரலாம் என்று கிரீஸ் அறிவித்தது. 'கிரேக்க வம்சத்தவர்' மட்டும் என்று ஒரு நிபந்தனையோடு.

டென்மார்க் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. 1951-ல் 22 கிரீன்லாந்துக் குழந்தைகளைக் கப்பலேற்றி டென்மார்க் கொண்டுபோனார்கள். டேனிஷ் பேசும் முன்மாதிரிக் கிரீன்லாந்துக்காரர்களைச் செய்வதற்கான பரிசோதனை அது. அவர்களில் 16 பேர் திரும்பியபோது தாயிடம் போகவில்லை, அனாதை விடுதிக்குப் போனார்கள். தாயிடம் பேசச் சொந்த பாஷை மறந்துபோயிருந்தது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 2020 டிசம்பர் ஆயிற்று. ஒரு பாஷை பரவியிருக்கிறது என்று படத்தில் வர்ணம் தீட்டும்போது, அந்த வர்ணத்தின் அடியில் இப்படி 22 குழந்தைகள் இருக்கலாம்.

ஆனால் இதே டென்மார்க்கின் தெற்கு எல்லையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. என் கட்சி முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஸ்லெஸ்விக் பிரதேசத்துக்காக டேனிஷ்காரரும் ஜெர்மானியரும் 1848-லும் 1864-லும் யுத்தம் செய்தார்கள். 1920-ல் வாக்கெடுப்பு. வடக்கு மண்டலம் டென்மார்க் என்றது, ஃப்ளென்ஸ்பர்க் அடங்கிய அடுத்த மண்டலம் ஜெர்மனி என்றது. இரண்டு பக்கமும் சிறுபான்மை மிஞ்சியது. 1955-ல் பான் நகரிலும் கோபன்ஹேகனிலும் இரண்டு அரசாங்கங்களும் ஆளுக்கோர் அறிக்கை வெளியிட்டன. சாரம் இவ்வளவுதான்: தான் டேனிஷ் என்றோ ஜெர்மன் என்றோ ஒருவர் சொல்லிக்கொள்வது அவர் சுதந்திரம், அதை அதிகாரிகள் மறுக்கவும் கூடாது, பரிசோதிக்கவும் கூடாது. இன்று எல்லைக்குத் தெற்கே ஏறக்குறைய 50,000 பேர் டேனிஷ் சிறுபான்மை. பலர் வீட்டில் பேசுவது ஜெர்மன்; குழந்தையை அனுப்புவது டேனிஷ் பள்ளிக்கூடம். நீ எப்படி டேனிஷ் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் கட்சிக்குத் தேர்தலில் ஐந்து சதவிகித வரம்பு கிடையாது. 2021-ல் ஜெர்மன் பார்லிமெண்டில் ஒரு ஸ்தானமும் பெற்றார்கள்.

இந்த வரியை ஃப்ளோரினாவுக்கும் பிரின் மலைப் பிரதேசத்துக்கும் எடுத்துப் போங்கள். ஃப்ளோரினாவில் சிலர் மாஸிடோனிய கலாச்சாரச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்யக் கேட்டார்கள், கோர்ட் மறுத்தது. ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் 1998-ல் கிரீஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரினில் கூட்டம் கூட முயன்றவர்கள் விஷயத்தில் 2001-ல் பல்கேரியாவுக்கு எதிராக. தீர்ப்புகள் வந்தன, மனம் வரவில்லை. கடல் தாண்டிப் போனவர்களையும் இது விடவில்லை. 1994-ல் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநில அரசு, இந்தப் பாஷையின் பெயருக்குப் பக்கத்தில் 'ஸ்லாவோனிக்' என்று அடைப்புக்குறி போட்டுத்தான் எழுத வேண்டும் என்று தன் இலாகாக்களுக்கு உத்தரவிட்டது. மெல்போர்னில் கடை வைத்திருக்கிற கிழவர், தம் தாய்மொழியோடு ஒட்டிய ஓர் அடைப்புக்குறியை எடுக்க வருஷக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. 2018-ன் ப்ரெஸ்பா ஒப்பந்தத்தில் கிரீஸ் கடைசியாக 'மாஸிடோனிய மொழி' என்ற வார்த்தைக்குக் கையெழுத்திட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1977-ல் நடந்த ஐக்கிய நாடுகள் பூகோளப் பெயர் மாநாடு. அந்த மாநாடு நடந்த ஊர் ஏதென்ஸ்.

அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் பாஷையா, இதற்கு முடிவு உண்டா என்று நண்பர் கேட்பார். கேட்கட்டும். இந்த விதி மாஸிடோனியர்களையும் கட்டும் என்பதே என் பதில். வட மாஸிடோனியாவில் 2021 கணக்குப்படி 100-க்கு 61 பேர் தாய்மொழி மாஸிடோனியன். ஏறக்குறைய 24 பேருக்கு அல்பேனியன். 1994-ல் தெடோவோவில் அல்பேனிய மொழியில் ஒரு சர்வகலாசாலை தொடங்கினார்கள். சட்டவிரோதம் என்றது அரசாங்கம், போலீஸை அனுப்பியது. அங்கீகாரம் 2004-ல்தான், நடுவில் 2001-ல் துப்பாக்கிச் சண்டை நடந்து முடிந்தபிறகு. தனக்கு மறுக்கப்பட்டதை அடுத்தவனுக்கு மறுக்கிற புத்தி எல்லாருக்கும் சுலபமாக வருகிறது. விதி ஒன்றாக இருந்தால்தான் அதைக் கண்டிக்க முடியும்.

இலக்கண அறிஞர் தீர்ப்புச் சொல்வார் என்று காத்திருக்கவும் வேண்டாம். டேனிஷிலும் மாஸிடோனியனிலும் ஓர் ஒற்றுமை உண்டு. குறிப்பிட்ட பொருளைச் சுட்டுகிற சொல் முன்னால் வராமல் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். டேனிஷில் ஹூஸ் என்றால் வீடு, ஹூஸெத் என்றால் அந்த வீடு. மாஸிடோனியன் இன்னும் ஒரு படி போகிறது. ஸெலோ என்றால் கிராமம். ஸெலோதொ, நமக்குத் தெரிந்த அந்தக் கிராமம். ஸெலோவொ, என் பக்கத்தில் உள்ள இந்தக் கிராமம். ஸெலோனொ, அதோ தூரத்தில் உள்ள கிராமம். இ, உ, அ என்று மூன்று சுட்டு வைத்திருக்கிற நமக்கு, யாழ்ப்பாணத்தில் இன்னும் 'உந்த' என்று பேசக் கேட்கிற நமக்கு, இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. பல்கேரிய எழுத்து மொழியில் இந்த மூன்று வால் கிடையாது. ஆகவே தனிப் பாஷை என்பார் ஸ்கோப்யே பேராசிரியர். ரோடோப் மலைப் பேச்சில் உண்டே. ஆகவே எங்கள் கிளை என்பார் சோஃபியா பேராசிரியர். இரண்டு தகவலும் சரி. தீர்ப்பு மட்டும் அதில் இல்லை.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். மிலாதினோவ்களின் ஊரான ஸ்த்ருகாவில் 1960-களிலிருந்து வருஷாவருஷம் கவிதைத் திருவிழா நடக்கிறது. 1983-ல் அங்கே பொன்மாலை பெற்றவர் ஹிந்திக் கவி அக்ஞேய. அவர் யாருடைய அழைப்பில் போனார்? இல்லாத ஒரு பாஷையின் அழைப்பிலா? சின்ன பாஷைக் கவிதையை எடுத்துக்கொண்டு நாம் போகும்போது, பெரிய பாஷைக்காரர்கள் நம்மைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு முகம் சிவக்கிறோம். அடுத்தவர் பாஷையை அடைப்புக்குறிக்குள் போடும்போது மட்டும் நமக்குப் பூகோளப் படம் வேண்டியிருக்கிறது.

டொரொன்டோவில் இருக்கிற ஒரு கிழவி, 1948-ல் விட்டு வந்த கிராமத்தை எந்த வால் சேர்த்துச் சொல்கிறாள் என்று போய்க் கேளுங்கள். அந்தப் பேச்சுக்கு என்ன பெயர் என்றும் அவளையே கேளுங்கள். அவள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். வர்ணம் பிறகு பூசலாம்.

அடுத்த கூட்டத்திலும் அந்தக் கவிதையை வாசிப்பேன். மாஸிடோனியனிலிருந்து என்று சொல்லித்தான் வாசிப்பேன். கவிதை மோசம் என்றால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.